சரவுண்டு அண்ணனின் வண்டு

பாகூரில் இரண்டு காதோடு நடமாடுகிற யாரும் சரவுண்டு அண்ணனிடம் பரீட்சை எழுதாமல் தப்பியதில்லை. மீட்டர் பார்க்க வந்தவர், சிலிண்டர் தூக்கி வந்தவர், கும்பாபிஷேகத்துக்கு வசூலுக்கு வந்த கமிட்டி, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் என்று வாசல் ஏறிய அத்தனை பேரையும் கூடத்து நடுவில் இருக்கும் நாற்காலியில் உட்கார வைப்பார். டிவியை அணைப்பார். "இப்ப வண்டு எந்தாண்ட பறக்குது, கைய காட்டுபா" என்பார். வேட்பாளர் தப்பான பக்கம் கையைக் காட்டினார். அந்த வீட்டு ஓட்டு அவருக்கு விழவில்லை.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. நாலு பக்கமும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற சரவுண்டு சவுண்டுப் பைத்தியத்தால் ஊருக்கு அவர் சரவுண்டு. ஏம்பலம் பக்கம் கரும்பு, பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல். மற்றவர்கள் அறுவடை முடிந்தால் மனைவிக்கு வளையல் செய்வார்கள், மாட்டுக்கு மணி வாங்குவார்கள். இவர் போகத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்குவார். சம்பாவுக்கு முன்பக்கம் ஒரு ஜோடி, அடுத்த கரும்பு வெட்டுக்கு நடு ஸ்பீக்கர், அதற்கடுத்து பின்பக்கம் ஒரு ஜோடி. ஒரு வருஷம் கரும்புக்கு நல்ல விலை வந்துவிட்டது. அந்த வருஷம்தான் இடிப்பெட்டி வந்தது. சப்-ஊஃபர் என்று கடைக்காரர் சொல்வதை அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இடிப்பதுதானே அதன் வேலை, இடிப்பெட்டி என்றே சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அவர் வீட்டில் வில்லனின் கார் உருண்டால் என் வீட்டு மோரில் அலையடிக்கும். அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் கிளைமாக்ஸ் வருவதற்குள் ஓரத்துக்கு நகர்ந்து வந்து எட்டிப் பார்க்கும். புகார் கொடுக்கலாம் என்றால், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் புகார் வாங்குகிற சீட்டில் உட்கார்ந்திருப்பது நான்தான். நானே எழுதி நானே வாங்கி நானே 'விசாரித்ததில் உண்மை' என்று குறிப்பு போட்டுக்கொள்வதில் என்ன லாபம்?

ஸ்பீக்கர் வயரை எலி கடிக்காமல் இருக்க, கரும்புத் தோட்டத்தில் மிச்சமான சொட்டுநீர்க் குழாய்க்குள் விட்டு, சுவரோரம் ஆணியடித்து நிறுத்தியிருந்தார். எந்தக் குழாய் எந்த ஸ்பீக்கருக்கு என்று தெரிய, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மிஞ்சிய பெயின்ட்டில் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பூசியிருப்பார். முதல் தடவை வருகிறவர்கள் கூடத்துக்குள்ளேயே அண்ணன் ஏதோ பயிர் வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நாற்காலியின் நாலு காலும் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நாலு வட்டம். அண்ணி வீடு பெருக்கும்போது நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார்.

இந்த வண்டு இருக்கிறதே, அது ஆம்ப்ளிஃபயர் வாங்கியபோது இலவசமாக வந்த டிஸ்கில் இருப்பது. காட்டுக்குள் ஒரு வண்டு. முன்னால் வலப்பக்கம் கிளம்பி, பின்னால் போய், தலையைச் சுற்றி, இடப்பக்கம் வந்து, கடைசியில் மூக்குக்கு நேராக நிற்கும். அவ்வளவுதான் கதை. இதைச் சரியாகக் காட்டினால் நீங்கள் மனிதர். தப்பாகக் காட்டினால் டீ வரும், ஆனால் பாதி டம்ளர்தான் வரும்.

ஊர்க்காரர்களோடு நின்றிருந்தால் இது வேடிக்கை. அண்ணன் இதைத் தன் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் வைத்தார் என்பதுதான் விஷயம். முதலில் வந்த மாப்பிள்ளை ஜன்னலைக் காட்டினார். வெளியே நிஜமாகவே ஒரு காக்கா கத்தியிருக்கிறது, பாவம். இரண்டாவது வந்தவர் என்ஜினியர். டிவியைக் காட்டி, "எல்லாம் அங்கிருந்துதானே சார் வருது" என்றார். அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டு, "போய்ட்டு வாங்க" என்று வழியனுப்பிவிட்டார்.

"ஏண்ணா, பையன் நல்ல வேலையில இருக்கானே" என்றேன்.

"அஞ்சு ஸ்பீக்கர் சுத்தி கத்திகினு இருக்குது. அத்தினியும் டிவியிலேந்து வருதுன்றான். நாளைக்கு எம்பொண்ணு அடுப்படியிலேந்து கூப்புட்டா இவன் மொட்டைமாடியில போய் தேடுவான்பா."

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நித்யாவுக்கு வேலையே காது சம்பந்தப்பட்டதுதான். பிள்ளையார்குப்பத்தில் ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க" என்று சொல்லி, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சொல்கிற வேலை. அப்பா கூடத்தில் செய்வதை மகள் சம்பளத்துக்குச் செய்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, டீ கூடக் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சித்தப்பா, வில்லியனூர்லேந்து ஞாயித்துக்கிழம ஒரு குடும்பம் பொண்ணு பாக்க வராங்க. பையன் பேரு பாலாஜி. திருபுவனை கம்பெனியில வேலை. எனக்கு புடிச்சிருக்குது."

"நல்ல விஷயம்தானே. உங்க அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"தரகர் கொண்டாந்த எடம்னுதான் அப்பாவுக்கு தெரியும். தரகர்கிட்ட சொன்னதே நாந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "அவருக்கு பீச்சாங்கை பக்கத்து காது கேக்காது சித்தப்பா" என்றாள்.

ஒரு காதில் மட்டும் கேட்பவருக்குச் சத்தம் கேட்கும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாதாம். அதற்கு இரண்டு காதும் வேண்டுமாம். அவள்தான் விளக்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த பாலாஜிக்கு டெஸ்ட் எடுத்தவளே அவள்தான். டெஸ்ட் முடிந்தும் அவர் இரண்டு மூன்று தடவை சந்தேகம் கேட்க வந்திருக்கிறார். காதில் சந்தேகம் தீர்ந்த பிறகும் வந்திருக்கிறார்.

"அப்பா வண்டு வெச்சா எல்லாம் போச்சு. நீதான் எதுனா பண்ணணும்."

நான் கவலைப்படவில்லை. காரணம், அதற்கு முந்தின வாரம்தான் அண்ணனின் பழைய டிவிடி பிளேயர் வாயைத் திறந்து, திறந்தபடியே உயிரை விட்டிருந்தது. பிளேயர் இல்லை, ஆகவே வண்டும் இல்லை. "சாமி நம்ம பக்கம்தான்" என்று அவளை அனுப்பி வைத்தேன். மறுநாள் காலையில் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"கெளம்புபா, பாண்டிக்கு. மாப்ள வூட்டுக்காரங்க வராங்க, பிளேயர் இல்லாம எப்பிடி? இந்த தடவ டிவிடிக்கும் மேல, புளூ-ரே."

பாண்டியில் கடைக்காரப் பையன் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தான். "சார், இதெல்லாம் இப்ப யாரு சார் வாங்கறாங்க? எல்லாமே நெட்டுல வருது."

"நெட்டுல வர்றது தண்ணி ஊத்துன பாலுபா. வழியில நாலு பேர் கை வெச்சிருப்பான். டிஸ்குல இருக்கறது மடியில கறந்தது. நீ எடு."

அவன் கிடங்கிலிருந்து மூன்று கொண்டுவந்து வைத்தான். அண்ணன் ஒன்றின் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றையும் திருப்பிப் போட்டு, மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பதுபோல முதுகைத்தான் பார்த்தார். முதலாவதின் முதுகில் எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்றுதான் இருந்தது. "எங்க ஆம்ப்ளிஃபயருக்கு இந்த வாயே கெடையாது" என்று ஒதுக்கினார். இரண்டாவதில் ஆப்டிகல் என்று ஒரு சின்னக் கதவு. "இதுல போவும். ஆனா புளூ-ரேயோட முழு சத்தமும் போவாது, சுண்டிப்போய்தான் வரும்." மூன்றாவதைத் திருப்பியதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரே வரிசையில் ஆறு வட்ட ஓட்டைகள். ஐந்து ஸ்பீக்கருக்கு ஐந்து, இடிப்பெட்டிக்கு ஒன்று.

"சார், அது பழைய ஸ்டாக் சார். ஷோகேசுல இருந்தது" என்று பையன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"பழசுலதான் ஆறு ஓட்டை இருக்குதுன்னா எனக்கு பழசுதான் வேணும்." இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தார். தட்டைத் திறந்து மூடச் சொல்லி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "மூடறப்போ மூச்சு வுடல பாரு. இதான்." கடையை விட்டு வெளியே வரும்போது பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் நித்யாவை நினைத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அவர் டிவிக்குப் பின்னால் படுத்துக்கிடந்தார். வெளியே காலிரண்டும்தான் தெரிந்தது. "பச்சை முன்னாடி சோத்தாங்கை... சிவப்பு முன்னாடி பீச்சாங்கை..." என்று மந்திரம் மாதிரி சத்தம் மட்டும் வந்தது.

அதே நேரத்தில் நான் நித்யாவோடு திட்டம் போட்டேன். வண்டின் பாதை எனக்கு மனப்பாடம். நான் டிவி பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். வண்டு வலப்பக்கம் என்றால் வலது காதைச் சொறிவேன். இடப்பக்கம் என்றால் இடது காது. பின்னால் என்றால் பிடரி, முன்னால் என்றால் மூக்கு. பாலாஜி என்னைப் பார்த்துக் கையைக் காட்ட வேண்டியது. அவள் இதை அப்படியே போனில் அவருக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு என் மூளையைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலாஜி அப்பா அம்மாவோடு வந்தார். அடக்கமான பையன், முகத்தில் தெளிவு. போண்டாவும் முறுக்கும் வந்தன. ஒருவரை ஒருவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து முடிக்கும் முன்பே அண்ணன் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி எழுப்பி நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தான் ரிமோட்டோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் அமுக்கினார். ரிமோட்டை உள்ளங்கையில் நாலு அடி அடித்து அமுக்கினார். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் தேய்த்துப் போட்டார். டிஸ்கில் ஏழாவதாக இருக்கும் வண்டுக்கு ரிமோட் இல்லாமல் போக வழியில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி அதன் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டார். அதற்கும் அசையவில்லை. இப்போது கடிகாரமும் நின்றுபோயிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் பாலாஜியின் அம்மா நின்றுபோன கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க இது," என்று கணவரிடம் மெதுவாகச் சொல்வது எல்லோர் காதிலும் விழுந்தது. "புது மிஷினு, நாம வந்து ஒக்காந்ததும் நின்னுபோச்சி. கடியாரமும் நின்னுபோச்சி. சகுனமே செரியில்லையே."

அவர் கணவர் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். அண்ணி முகம் சுண்டிவிட்டது.

வண்டு பறந்தால் அப்பா வேண்டாம் என்பார். பறக்காவிட்டால் அவர்கள் வேண்டாம் என்பார்கள். நடுவில் காபித் தட்டோடு நின்ற நித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். நேராக பிளேயருக்கு எதிரில் போய்க் குனிந்தாள்.

"அப்பா, பொட்டுப்பா."

அந்த வீட்டுக்குள் வரும் எந்த மிஷினும், மோட்டார் பம்பாகட்டும் மிக்சியாகட்டும், அண்ணி கையால் சந்தனமும் குங்குமமும் வாங்காமல் ஓடக்கூடாது. அன்று காலை புது பிளேயருக்கும் வைத்திருக்கிறார். நெற்றி எது என்று தேடியிருக்கிறார். முகத்தில் சின்னதாகக் கறுப்புக் கண்ணாடி ஒன்று தெரிந்திருக்கிறது. அதன்மேல் எட்டணா அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். ரிமோட்டைப் பார்க்கிற கண்ணே அதுதான். நித்யா முந்தானை நுனியால் துடைத்தாள். பிளேயர் கண் திறந்தது. அண்ணன் அமுக்க, வண்டு கிளம்பிவிட்டது.

அவளாகவே தன் தலையில் போட்டுக்கொண்ட கல் அது. நான் அவசரமாக வலது காதைச் சொறிந்தேன்.

பாலாஜி என்னைப் பார்த்தார். கம்பீரமாக இடப்பக்கம் கையைக் காட்டினார்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிடரியைச் சொறிந்தேன். சரியாகப் பின்னால் காட்டினார். இடது காதைச் சொறிந்தேன். வலப்பக்கம் காட்டினார். மூக்கைத் தொட்டேன், முன்னால் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். என் வலது காது அவருடைய இடப்பக்கத்தில் இருக்கிறது. திட்டம் போட்ட தலையில் ஓங்கிக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் வண்டை நிறுத்தினார். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் குரலில் கோபமே இல்லை.

"முன்னாடி பின்னாடி ரெண்டும் கரெக்டு. சோத்தாங்கை பீச்சாங்கை மட்டும் மாறுது. ஒரு தடவ இல்ல, ஒவ்வொரு தடவையும் மாறுது." எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "தம்பி தப்பா காட்டல. நாந்தான் வயர மாத்தி சொருகிட்டேன்."

"நேத்து நீங்க கேட்டு பாத்தீங்களே" என்றார் அண்ணி.

"பாத்தேன். எங்காதுக்கு சரியாத்தான் இருந்துது. வயசாவுதுல்ல? இப்பிடி அடிச்சி சொல்றான் பையன், அவன் காத நம்பாம எங்காத நம்பறதா?"

வாழ்நாளில் தன் காதைப் பற்றி ஒரு சந்தேகமும் படாத மனிதர், சம்பந்தியாக வரப்போகிறவர்கள் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் தவழ்ந்து போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. "எங்கியோ தப்பு பண்ணிட்டேன்பா... பச்சை இங்க..." என்று உள்ளேயிருந்து முனகல் வந்தது. எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.

பாலாஜிக்கும் முடியவில்லை. எழுந்து போய்க் குனிந்தார். "மாமா, வெளிய வாங்க. வயரு கரெக்டாத்தான் இருக்குது. எனக்குத்தான் பீச்சாங்கை பக்கத்து காது கேக்காது. சின்ன வயசுல சீழ் வெச்சி போயிடுச்சி."

முனகல் நின்றது. அண்ணன் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

"அப்ப பின்னாடி வந்ததெல்லாம் எப்பிடி காட்டுன?"

பாலாஜி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் விரல் இன்னும் மூக்கு நுனியில்தான் இருந்தது.

"ஒனக்கு காதுல ஏதோ அரிப்புன்னு நெனச்சேன்பா," என்றார் அண்ணன். "சாயங்காலம் சொட்டு மருந்து வாங்கி தரலாம்னு இருந்தேன்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இது தெரியுமா?"

"டெஸ்ட் எடுத்ததே நாந்தாம்பா. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்றாள் நித்யா. "ரெண்டு காது இருக்கறவங்க ரெண்டு பேர் இதே நாற்காலியில வந்து ஒக்காந்தாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இவரு ஒரு காத வெச்சிகினு நான் சொல்றத எல்லாத்தையும் கேக்கறாரு. நீயும் ரெண்டு காது வெச்சிருக்கியேப்பா."

அண்ணன் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார். வந்தவர்களிடம், "காபி ஆறிடும், சாப்புடுங்க. சொல்லி அனுப்பறேன்" என்றார். எங்கள் பக்கம் 'சொல்லி அனுப்பறேன்' என்றால் பெரும்பாலும் சொல்லியே அனுப்ப மாட்டார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார்கள். நித்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் டிரில்லிங் சத்தத்தில் எங்கள் சமையல்கட்டுச் சுவரே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கூடம் அறுவடை முடிந்த கழனி மாதிரி கிடந்தது. பச்சை, சிவப்பு, நீலக் குழாய்களையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார். பின்பக்கத்து ஸ்பீக்கர் பின்பக்கத்தில் இல்லை. இடப்பக்கத்து ஸ்பீக்கர் இடப்பக்கத்தில் இல்லை. ஐந்து பெட்டியும் வலப்பக்கத்துச் சுவரில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, வகுப்பில் கை கட்டி நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"இன்னாண்ணா இது? சரவுண்டு எங்க?"

ஏணி மேலிருந்து அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாப்ளைக்கு சோத்தாங்கை பக்கம்தானப்பா கேக்குது. அந்தாண்ட வெச்சி யாருக்கு? அந்த ஸ்க்ரூவ எடு."

உள்ளே நித்யாவின் கதவு திறந்து கிடந்தது. அண்ணி கேசரி கிளறிக்கொண்டிருந்தார். தரகருக்குப் போன் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது மகளும் மருமகனும் சனிக்கிழமைதோறும் வில்லியனூரிலிருந்து வருகிறார்கள். நடு நாற்காலியில் பாலாஜி, பக்கத்தில் மாமனார். புளூ-ரே தட்டு மூச்சு விடாமல் மூடிக்கொள்ளும். வண்டு பரீட்சை ரத்தாகிவிட்டது. எல்லாப் பெட்டியும் ஒரே பக்கம் இருக்கும்போது வண்டு எங்கே பறந்தாலும் வலப்பக்கம்தான். எங்கள் ஊரில் இப்போது யாரும் ஃபெயில் ஆவதில்லை. மீட்டர் பார்க்க வருகிறவருக்கு முழு டம்ளர் டீ வருகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வலப்பக்கத்துச் சுவர்தான் எங்கள் வீட்டுச் சுவர். முன்பு ஐந்தில் ஒரு பங்கு எங்களுக்கு வரும், இப்போது முழுசாக வருகிறது. டம்ளர்களை எதிர் அலமாரிக்கு மாற்றிவிட்டேன், புகார் வாங்குகிற சீட்டில் இன்னும் நான்தான் இருக்கிறேன். ஆனால் என்றைக்காவது சனிக்கிழமை சாயங்காலம் சுவர் அதிராமல் இருந்தால், எனக்கு இருப்புக்கொள்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய், அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.